போறணை மேல் ஆலாக் குஞ்சு

தேயிலை மலைகளுக்கு நடுவே தலவாக்கலையில் உப்பு விற்பது லேசுப்பட்ட காரியமில்லை. கடற்கரையில் உப்பைக் கொட்டி வைத்தால் கொட்டின இடத்திலேயே கிடக்கும். இங்கே பனிமூட்டம் கூரை இடுக்கால் இறங்கி வந்து சாக்கைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகும். காலையில் உப்பாக இருந்தது பொழுது சாய்வதற்குள் தண்ணீராகித் தரையில் ஓடும். கருவாட்டுக்குப் பூஞ்சணம் பிடிக்கும். அப்பளம் ஈரத்துணி போலத் தொங்கும். அதனால் கடைக்காரர் சரிபுதீனின் வாப்பா கடை போட்ட காலத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் பாண் ரொட்டி சுடும் பெரிய அடுப்பு, போறணை, இருந்தது. அந்தப் போறணைக்கு நேர் மேலே பலகை அடித்து ஒரு பரண் கட்டினார். கடல் பக்கத்திலிருந்து வரும் சரக்கு எதுவானாலும் ரயிலடியிலிருந்து நேரே பரணுக்கு ஏற வேண்டும். உப்பு ஏறும், கருவாடு ஏறும், மாசி ஏறும். வாப்பா மௌத்தாகிப் பத்து வருஷமாகியும் அந்தச் சட்டம் மாறவில்லை. மகன் அதைப் பற்றி யோசிக்கிற வேலையே வைத்துக்கொள்ளவில்லை.

கடல் சரக்கில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பரணில் இடம் கிடையாது. அது முட்டை.

கோழி முட்டை அல்ல, ஆலா முட்டை. கற்பிட்டிக் கரைக்கு எதிரே கடலில் ஒரு மணல் திட்டு இருக்கிறது. ஆலா என்கிற சின்னக் கடற்குருவி அங்கே கூட்டங்கூட்டமாக வந்து, கூடு கட்டுகிற சிரமம் எதுவும் இல்லாமல், வெறும் மணலில் முட்டையிடும். காடை முட்டையைவிட ஒரு நூல் பெரிசு. மணல் நிறம், மேலே கறுப்புப் புள்ளிகள். சரிபுதீனின் மனைவி அசீசாவுக்குக் கற்பிட்டிதான் பிறந்த ஊர். அவளுடைய தம்பி ராசிக் ஜூன் தொடக்கம் ஆகஸ்ட் வரை அந்த முட்டைகளைப் பொறுக்கி, மரப்பெட்டியில் மணல் பரப்பி அடுக்கி, ரயிலில் அனுப்பி வைப்பான். கோழி முட்டை தோட்டத்துச் சனத்துக்கு எட்டாத பொருள். இது எட்டியது. லயத்து வீடுகளின் பிள்ளைகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் வாங்கிப் போய் அவித்துத் தின்றார்கள். நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வருகிறவள் ஒரு முட்டை தின்பதைக் குறை சொல்ல எவனுக்கு யோக்கியதை இருக்கிறது?

பெட்டியைப் பின்னறைக் குளிர்ந்த சிமெந்துத் தரையில் வைத்துத் திறப்பதும், முட்டைகளைக் கழுவித் துடைப்பதும் அசீசாவின் வேலை. ஆறு வருஷமாக அவள் கைபடாமல் ஒரு முட்டையும் வெளியே போனதில்லை. அதனால்தான் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முதல் வருஷம் வாரத்துக்கு மூன்று பெட்டி வந்தது. இந்த ஐம்பத்தாறாம் வருஷம் பதினைந்து நாளைக்கு ஒன்று வந்தால் பெரிய விஷயம்.

பெட்டி குறைகிறதென்றால் ஆலா குறைகிறது. அவளுடைய வாப்பா மீன் பிடித்தே பிள்ளைகளை வளர்த்தவர். விடிந்ததும் கரையில் நின்று, புருவத்துக்கு மேல் கையை வைத்து, கடலைப் பார்க்க மாட்டார், ஆலாவைத்தான் பார்ப்பார். ஆலாக்கள் எங்கே வட்டமடித்துத் தலைகீழாகப் பாய்கின்றனவோ அங்கே சாளைக் கூட்டம் நிற்கும். தோணியை அந்தப் பக்கம் விட்டால் வலை நிறையும். பேராசை பிடித்து அலைகிறவனை ஆலாய்ப் பறக்கிறான் என்று நாம் பேசுகிறோம். பாவம், அந்தப் பறவை தன் வயிற்றுக்காகப் பறந்ததோடு கற்பிட்டியில் பாதிப் பேருக்குச் சோறு இருக்கும் இடத்தையும் காட்டிக்கொண்டிருந்தது.

முன்னொரு காலத்தில் களப்பு என்கிற கடல்நீரேரி ஓரத்து வெட்டை வெளி முழுக்க ஆலா முட்டையிடும். பிறகு அங்கே உப்பளத்துக்கு வரப்புக் கட்டினார்கள். உப்பு ஏற்ற லொறி வேண்டும், லொறி போக ரோட்டு வேண்டும் என்றார்கள். ரோட்டு வந்ததும் தென்னந்தோட்டக்காரர்கள் முள்ளுக்கம்பி அடித்தார்கள். பறவைகளுக்கு மிஞ்சியது எதிரே இருந்த அந்த ஒற்றைத் திட்டு. அதையும் ராசிக் பெட்டியில் அடைத்து மலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். போன பெருநாளுக்குத் தலவாக்கலை வந்தபோது அழாத குறையாகப் பேசினான்.

"மீனே இல்ல ராத்தா. கடல் செத்துப் போச்சி."

"ஆலா எந்தப் பக்கம் பாயுதுண்டு பாத்தியா?" என்று அசீசா கேட்டாள்.

"ஆலாவே இல்லியே. எங்க பாக்கிற?"

இதைச் சொல்லிவிட்டு அவன் வட்டிலப்பத்தில் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டான். தான் சொன்னது தனக்கே விளங்காத மனிதனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அன்றிரவே அசீசா புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்க, அந்த முட்டையள எடுக்கிறத நிப்பாட்டச் சொல்லுவமா? குருவி அழிஞ்சி போகுது."

"அல்லா படைச்சது அழியுமா?" என்றார் சரிபுதீன். "நாம எடுக்காட்டி வேற ஆள் எடுப்பான். நீ கழுவுறதக் கழுவு புள்ள."

கெட்ட மனிதரில்லை. ஐந்து வேளை தொழுகிறவர், நிறுவையில் ஒரு இலை குறைய விடாதவர். ஆனால் வாப்பா கட்டின பரணைப் போலத்தான் அவருடைய மனசும், எது வந்தாலும் பழைய இடத்திலேயே ஏற்றி வைத்துவிடும்.

ஜூலைக் கடைசியில் அட்டனில் ஒரு கலியாணம் வந்தது. பெண் வீட்டார் அசீசாவின் சொந்தக்காரர்கள். பலகாரம் சுட ஆள் வேண்டும் என்று ஐந்து நாள் முந்தியே அவளைக் கூட்டிப்போய்விட்டார்கள். அவள் புறப்பட்ட மறுநாள் ரயிலில் ஒரு பெட்டி வந்தது. சரிபுதீன் அதைக் கூலியாளின் தலையில் ஏற்றிக் கொண்டுவந்தார். முகர்ந்து பார்த்தார். கடல் வாசம் அடித்தது. கடல் வாசம் அடித்தால் பரண். உப்புச் சாக்குக்கும் கருவாட்டுக் கட்டுக்கும் நடுவே அதை ஏற்றி வைத்துவிட்டு, மாவு லொறி வரவில்லையே என்கிற கவலையில் மறந்தே போனார்.

கீழே போறணை வழக்கம்போல எரிந்தது. விடிகாலைப் பாணுக்கு ஒரு தரம், பின்நேரம் பணிஸுக்கு ஒரு தரம். இடையில் தணல் கனன்றபடியே கிடக்கும். மேலே பரண் பலகை கோழியின் வயிற்றுச் சூட்டில் இருந்தது.

அசீசா திரும்பி வந்தது சம்பளச் சனிக்கிழமை. கடையில் கூட்டம். வந்ததும் வராததுமாகச் சரிபுதீன் முறையிட்டார்.

"பரண்ல எலி புகுந்திரிக்கி. காலையில இருந்து கீச்சுக் கீச்செண்டு சத்தம். பொறி வெச்சும் விழுதில்ல."

"பரண்ல என்னத்த வெச்சீங்க?"

"வழக்கமா வெக்கிறதுதான். உப்பு, கருவாடு, ஒங்கட தம்பிட பெட்டி..."

சொல்லி முடிக்குமுன் அவரே நிமிர்ந்து பரணைப் பார்த்தார். அசீசா ஏணியில் ஏறிப் பெட்டியை இறக்கினாள். அடிப்பலகை கைக்கு இதமாகச் சுட்டது. நாலைந்து நாள் சூட்டில் எல்லாம் கூழாகிப் போயிருக்கும், தூக்கி எறிய வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே மூடியை நெம்பினாள்.

பக்கத்தில் லெட்சுமி நின்றிருந்தாள். வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. சம்பளச் சனிக்கிழமை தவறாமல் வந்து ஆறு முட்டை வாங்கிப்போவாள். உரிமையோடு குனிந்து, மணலுக்குள் கைவிட்டு, ஒரு முட்டையை எடுத்தாள். கைக்குள் அது லேசாக அதிர்ந்தது. பிறகு அதை மெல்லக் காதருகே கொண்டு போனாள்.

"அக்கா," என்றாள். "இது உள்ளாற இருந்து கூப்புடுதுங்க."

அசீசா வாங்கிக் கேட்டாள். முட்டைக்குள்ளிருந்து சன்னமாக ஒரு சத்தம் வந்தது. பெட்டிக்குள் இன்னொரு முட்டை அதற்குப் பதில் சொன்னது. லெட்சுமியின் கையிலேயே ஓடு விரிந்து, ஒரு சின்ன மூக்கு வெளியே வந்து காற்றைக் கொத்தியது.

கடையில் இருந்த அத்தனை பேரும் சரக்கை விட்டுவிட்டு வந்து சுற்றிக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் நாலு குஞ்சுகள் வெளியே வந்தன. ஈரம் காய்ந்ததும் பார்த்தால் மணலில் கொஞ்சம் அள்ளி உருட்டிக் கால் வைத்தது மாதிரி இருந்தன. மீதி முட்டைகளில் சில விரிசல் விட்டிருந்தன, உள்ளே அசைவில்லை. மீதியெல்லாம் கனத்துக் குளிர்ந்து கிடந்தன. லெட்சுமி தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அந்தச் செத்த முட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு இனிமே இது வேணாங்கக்கா. எம்புட்டு தின்னுருக்கேன்... நெனச்சாலே ஒரு மாதிரியா இருக்கு."

"நீ தின்டது புது முட்டை," என்றாள் அசீசா. "அதுல ஒரு பாவமும் இல்ல. முந்தி தம்பி ரெண்டு நாளைக்கு ஒருக்கா பொறுக்கினான். இப்ப பெட்டி நிறைய முட்டை கெடைக்கிதில்ல. நிறையட்டுமெண்டு காத்திட்டிருந்து எடுத்திரிக்கான். அதுக்குள்ள குஞ்சு கட்டிரிச்சி."

லெட்சுமியைச் சமாதானப்படுத்தச் சொன்ன அந்தப் பேச்சு சரிபுதீனின் தலையில் இடியாக இறங்கியது. குஞ்சு கட்டிச் செத்த முட்டை ஹராம், மார்க்கம் விலக்கியது. தின்பதும் ஹராம், விற்பதும் ஹராம். போன பெட்டி எப்படி? அதற்கு முந்தின பெட்டி? மனிதர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். தலவாக்கலைக் குளிரில் அவருக்கு வியர்த்ததை அன்றுதான் ஊர் பார்த்தது. பள்ளிவாசல் லெப்பையிடம் ஓட்டமும் நடையுமாகப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். வரும்போது முகம் சின்னதாகியிருந்தது.

"இனி இந்தக் கடையில ஆலா முட்டை இல்ல," என்றார்.

அவர் சொல்லாவிட்டாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். திங்கட்கிழமை விடிகாலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் லெட்சுமி சொன்னது பத்து மணிக் கொழுந்து நிறுக்கும்போது மலை முழுக்கப் பரவிவிட்டது. சரிபுதீன் நானா கடை முட்டை பேசுதாம் என்றார்கள். அம்மா என்று கூப்பிட்டதாம் என்று அடுத்த தோட்டத்தில் சொன்னார்கள். பூண்டுலோயாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த முட்டை அழுதும் இருந்தது. பிறகு ஆலா முட்டை என்று யாராவது கூவியிருந்தால் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு விரட்டியிருப்பார்கள்.

ஆனால் குஞ்சுகள் நாலும் பசியில் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. பாண் துண்டு போட்டால் திரும்பியும் பார்க்கவில்லை. அசீசாவுக்கு அவற்றின் தீன் தெரியும்; ஆனால் கடலுக்கு இங்கிருந்து எங்கே போவது? லெட்சுமியின் புருஷன் வீரய்யாதான் அதற்கு வழி செய்தான். வேலை முடிந்ததும் ஓடையில் இறங்கி, துண்டை விரித்து, நகத்தளவு மீன்களாகப் பிடித்துத் தகரக் குவளையில் கொண்டுவந்தான். கங்காணி பார்த்துவிட்டு ஓடையில் என்னடா பண்ணுகிறாய் என்று கேட்டதற்கு, கடை நானா வீட்டில் நாலு கைப்பிள்ளைகள், அதுகளுக்குச் சாப்பாடு என்று சொன்னானாம்.

பரணில் ஒரு பழைய மா சாக்கை விரித்துக் குஞ்சுகளை வைத்தார்கள். மறுநாளே ஒன்று செத்துப் போனது. அசீசா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஆறு வருஷமாக இந்தக் கைகள் எத்தனை முட்டை கழுவின? ஒன்றுக்காக அழுவதா, அத்தனைக்காகவும் அழுவதா? கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து புருஷனிடம் போனாள்.

"மூணும் சாகுறத்துக்கு முந்தி ஊருக்குக் கொண்டு போகணும். நான் போறன்."

"மூணு குருவிக்குக் கற்பிட்டிக்கு ரயில் ஏறுறதா? சனம் சிரிக்கும் அசீசா."

"சிரிக்கட்டும். குருவிக்கு மட்டும் போகல்ல. திட்டுல இன்னும் மிஞ்சினது இரிக்கும். நாம வாங்காட்டி ராசிக் வேற எடத்துல விப்பான். கடிதம் எழுதினா அவன் வாசிப்பானா? நேரா நிண்டு சொல்லணும்."

சரிபுதீன் தாடியைத் தடவினார். லெப்பையின் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"தனியப் போக ஏலா. நானும் வாரன்," என்றார்.

பிஸ்கட் டின்னில் மணல் போட்டு, சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி நடுவே வைத்து, அதைச் சுற்றிக் குஞ்சுகளை விட்டார்கள்; வீரய்யா பிடித்த மீன் குவளையும் கூடப் போனது. கொழும்புக்கு ஒரு ரயில், அங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கல், மறுநாள் புத்தளத்துக்கு இன்னொரு ரயில், பிறகு பஸ். வழி நெடுக ஸ்டேஷன் தேநீர்க் கடைகளில் சரிபுதீன் இறங்கிப் போத்தலுக்குச் சுடுதண்ணீர் கேட்டார். டின்னுக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் வரும்போதெல்லாம் எதிரே இருந்தவர்களைப் பார்த்துத் தான்தான் இருமியது போல் இருமினார். முப்பது வருஷ வியாபாரத்தில் அவர் ஒன்றை மறைத்தது அதுதான் முதல் தடவை.

கற்பிட்டியில் வெயில் கண்ணைக் குத்தியது. மலையில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவளுக்கு அந்த வெள்ளை மணலைப் பார்க்கக் கூசியது. உப்பளம் இன்னும் பெரிசாகியிருந்தது. ரோட்டோரம் புதிதாக நாலு கடைகள். வாப்பா நின்று ஆலா பார்க்கிற இடத்தில் யாரோ கம்பி வேலி போட்டிருந்தார்கள். ராசிக் வலையைத் தைத்துக்கொண்டு வாசலில் இருந்தான். அக்காவையும் மச்சானையும் கண்டதும் எழுந்து ஓடி வந்தான். அசீசா நலம் விசாரிக்கவில்லை. டின்னைத் திறந்து அவன் கையில் கொடுத்தாள்.

"இதென்ன ராத்தா? கோழிக்குஞ்சா?"

அவளுக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. ஆறு வருஷமாக அந்தத் திட்டில் முட்டை பொறுக்கியவன் ஆலாக் குஞ்சு ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. எப்படிக் காண்பான்? ஒன்றையாவது விட்டு வைத்திருந்தால்தானே.

ஆலாக் குஞ்சு என்று அவள் சொன்னதும் அவன் முகம் மாறியது. ஒரு குஞ்சு அவன் பெருவிரல் நகத்தைக் கொத்திப் பார்த்தது. தீனியோ என்று நினைத்திருக்கும்.

அன்று பின்நேரமே தோணியில் திட்டுக்குப் போனார்கள். இரண்டு மாதம் பறிகொடுத்தும் ஊரைவிட்டுப் போகாத முப்பது நாற்பது சோடிகள் மறுபடி முட்டையிட்டிருந்தன. கால் வைத்ததுமே அத்தனையும் எழும்பி, கிறீச்சிட்டுக்கொண்டு தலைக்கு மேல் பாய்ந்தன. சரிபுதீனின் தொப்பியை ஒன்று தட்டிவிட்டது. அசீசாவின் உச்சியில் இன்னொன்று குத்தியது. வலித்தாலும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் சண்டை போடுகிற தெம்பு இருக்கிறதே என்று நினைத்தாள்.

குஞ்சுகளை மணலில் விட்டார்கள். விட்ட கணமே அவை படுத்துக்கொண்டன. எங்கே விட்டோம் என்று தேட வேண்டியிருந்தது. பெரிய பறவைகள் அருகில் வந்தன, பார்த்தன, தங்கள் பிள்ளை இல்லை என்று தெரிந்ததும் கொத்தித் துரத்தின. ஒன்றுகூட ஊட்ட வரவில்லை. அடுத்தவன் பிள்ளைக்கு ஊட்ட அவற்றுக்கு என்ன தலையெழுத்து?

அசீசா மூன்றையும் திரும்ப அள்ளிக்கொண்டாள்.

"பறக்கத் தொடங்கும்வரை யாராவது தீன் குடுக்கணும். நீதான் குடுக்கணும்," என்றாள் ராசிக்கிடம்.

"நானா? எனக்கு வேற வேலை இல்லியா ராத்தா?"

"என்ன வேலை? கடல் செத்துப் போச்சிண்டு நீதானே சொன்ன?"

அவன் மச்சானைப் பார்த்தான். சரிபுதீன் தொப்பியைத் தட்டிக்கொண்டே வேறு பக்கம் பார்த்தார்.

"மச்சான், முட்டை இனி வேணாமா?"

"வேணாம். மலையில ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. வாங்கினாலும் நான் விக்க மாட்டன். கருவாடு அனுப்பு, எவ்வளவெண்டாலும் எடுக்கிறன்."

சரிபுதீன் மறுநாள் புறப்பட்டுவிட்டார். பாண் சுடுகிற ஆளை நம்பிக் கடையை அதற்கு மேல் விட முடியாது. அசீசா தங்கினாள். திட்டின் ஓரத்தில் ராசிக் நாலு கம்பு நட்டு ஓலை போட்டுக் குடில் ஒன்று கட்டினான். இடுப்பில் கட்டுகிற பழைய சாரத்தை வலையாக்கிக் கரையோரம் பொடி மீன் அள்ளினான். முதல் நாள் முழுக்க வாயில் வந்தபடி வைது தீர்த்தான். இரண்டாம் நாள் காகங்கள் முட்டை தேடி வந்தன. மண்கட்டியை எடுத்து எறிந்தான். குஞ்சுகளுக்காக எறிந்தது, ஆனால் காகம் போனது எல்லாக் கூட்டையும் விட்டுத்தான். கடல் வற்றிய நேரத்தில் நாய் ஒன்று ஆழமில்லாத தண்ணீரில் நடந்து வந்தது. அதையும் துரத்தினான். திட்டில் ஆள் இருப்பதைப் பார்த்து மற்றத் தோணிக்காரர்களும் ஒதுங்கிப் போனார்கள். மூன்று குஞ்சுக்குத் தீன் போட உட்கார்ந்தவன், தனக்கே தெரியாமல், முழுத் திட்டுக்கும் காவல்காரனாகிவிட்டான்.

மத்தியானச் சோற்றை அசீசா தோணியில் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒரு வாரம் போனதும் மூன்று குஞ்சுகளும் அவன் பின்னாலேயே ஓடின, அவன் பேச்சும் மாறியிருந்தது. எந்தச் சோடி எந்தக் கூடு என்று சொன்னான். ஒரு ஆண் பறவை மீனைக் கொண்டுவந்து பெண்ணுக்குக் கொடுப்பது போல் காட்டிவிட்டுத் தானே விழுங்கியதைச் சொல்லிச் சிரித்தான். அது தன்னைப் போல என்று வேறு சொன்னான். பதினோராம் நாள் அவள் தோணி கரை தட்டுமுன்னே இடுப்பளவு தண்ணீரில் ஓடி வந்தான்.

"ராத்தா, பாத்து இறங்குங்க. காலடியில இரிக்கி. இந்தப் பக்கம் எல்லாம் பொரிச்சிரிச்சி."

அவள் பார்த்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மணல் அங்கங்கே எழும்பி ஓடியது. அங்கே ஒன்று, இங்கே இரண்டு, குடிலின் நிழலில் நாலைந்து. தலைக்கு மேல் பெரிய பறவைகள் வாயில் வெள்ளி மீனோடு போவதும் வருவதுமாக இருந்தன. அசீசா அப்படியே ஈரத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். ராசிக் சோற்றுச் சட்டியை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

அந்த நேரம் பார்த்துத்தான் மஃறூப்பின் தோணி வந்தது. அவன் பக்கத்துத் தெருக்காரன். ராசிக்கோடு சேர்ந்து வலை இழுக்கிறவன். தோணியில் இரண்டு கூடைகள் இருந்தன. திட்டின் மறுகோடியில் இன்னும் பொரிக்காத முட்டைகள் இருப்பது அவனுக்குத் தெரியும்.

"என்ன ராசிக், குடும்பமே திட்டுல குடியேறிட்டீங்களாம்," என்றான். "நீ எடுத்தது போக எனக்கும் கொஞ்சம் விடு. புத்தளத்துல ஒரு ஆள் கேக்கிறான்."

"இஞ்ச ஒண்டும் எடுக்க ஏலா," என்றான் ராசிக்.

"ஆர் சொல்லுற? இது ஒங்கட வாப்பாட காணியா? ஆறு வருசமாப் பெட்டி பெட்டியா அள்ளினது ஆரு? நானா?"

 இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று அசீசாவுக்குத் தெரியும், பதில்தான் தெரியவில்லை. அள்ளியவன் தம்பி, கழுவியவள் அவள், விற்றவர் அவள் புருஷன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அடுத்தவனைத் தடுப்பது? தம்பி கோபத்தில் கையை ஓங்கிவிடுவானோ, அதைவிட, வெட்கத்தில் விலகி வழிவிட்டுவிடுவானோ என்று பயந்தாள்.

ராசிக் சோற்றுச் சட்டியோடு தோணியின் பக்கம் திரும்பினான்.

"நாந்தான் அள்ளினன்," என்றான். "அதாலதான் இந்த வெயில்ல குந்திட்டிரிக்கன். நீயும் அள்ளிப்போட்டு ஆறு வருசத்துக்குப் பொறகு வந்து குந்தப் போறியா, இல்ல இப்பவே குந்துறியா?"

மஃறூப் சிரித்தான். கூடையைத் தூக்கிக்கொண்டு திட்டில் குதித்து இரண்டு எட்டு வைத்தான். மூன்றாவது எட்டுக்குத் தூக்கிய காலின் கீழே மணல் கீச்சென்று கத்திக்கொண்டு ஓடியது. காலைப் பக்கவாட்டில் வைக்கப் போனான். அங்கேயும் ஒன்று பதுங்கிக் கிடந்தது. பின்னால் பார்த்தான், வந்த வழியிலும் இரண்டு. இத்தனை வருஷம் இதே மணலில் ஓடி விளையாடிய மனிதன், எடுத்த காலை எங்கே வைப்பதென்று தெரியாமல், இரண்டு கையிலும் கூடையோடு ஒற்றைக் காலில் நின்றான். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"டேய் ராசிக்," என்றான் மெதுவாக. "நான் எங்கடா மிதிக்கிற?"

"அசையாம நில்லு, வாரன்," என்றான் ராசிக். சட்டியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, பார்த்துப் பார்த்து அடி வைத்துப் போய், அவன் கையைப் பிடித்துக் குடிலுக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தான். அசீசா சோற்றை இரண்டு பேருக்கும் போட்டாள்.